பார்க்காமல் வைத்த லைட்

1. திரை

என் ஸ்டூடியோவிலிருந்து போன படங்களில் விசாரணை வரைக்கும் போன படம் ஒன்றே ஒன்றுதான். அதை நான் எடுக்கவில்லை. லைட் வைத்தது மட்டும் நான். அதுவும் எதற்கு லைட் வைக்கிறோம் என்பதைக் கண்ணால் பார்க்காமலே வைத்தேன். இப்போது கேமராவிலேயே ஃபிளாஷைச் சேர்த்து விற்கிறார்கள், அமுக்கினால் படம். அதையும் தொழில் என்று சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லட்டும். அவர்களில் யாராவது ஒருத்தன் இதைப் படித்தால் எனக்குப் போதும்.

அறுபதுகளின் தொடக்கம். கோவில்பட்டி மெயின் ரோட்டில் என் ஸ்டூடியோ ஒரு நீள அறைதான். முன்பக்கம் கவுண்டர், கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிப் படங்கள். அதற்குப் பின்னால் படம் எடுக்கிற இடம், அதற்கும் பின்னால் டார்க் ரூம். மரஸ்டாண்டில் ஒரு ஹாஃப் பிளேட் கேமரா. தகர ரிஃப்ளெக்டர் மாட்டிய ஐந்நூறு வாட் பல்பு மூன்று. ஒன்று மெயின் லைட். ஒன்று, மெயின் லைட் போடுகிற நிழலைக் கொஞ்சம் கரைக்க. மூன்றாவது, தலைமுடி பின்னால் இருக்கிற படுதாவோடு ஒட்டிப்போகாமல் பிரித்துக் காட்ட. சாயங்காலம் ஊர் பூராவும் விளக்குப் போட்டால் வோல்டேஜ் இறங்கி பல்பெல்லாம் காமாலை பிடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் முக்கியமான படங்களை மத்தியானத்திலேயே முடித்துவிடுவேன்.

எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்களுக்குக் கொழும்பில் வியாபாரம். பெண்கள் அங்கே போக பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். அவர்களோ கோஷா. அந்நிய ஆண் எதிரே நின்று முகத்தைப் பார்த்து லைட் வைக்க முடியாது. அதற்கு நான் ஒரு வழி செய்து வைத்திருந்தேன். நாற்காலி எங்கே, கேமரா எங்கே, லைட் எங்கே என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவேன். நடுவில் ஒரு கறுப்புத் திரை. உள்ளே என் மனைவி பாத்துமுத்து போவாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு கேமராவின் பின்பக்கக் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் பார்த்து ஃபோகஸ் பண்ணுவாள், ஃபிலிம் வைத்த ஸ்லைடைச் சொருகுவாள், ஷட்டரைத் திறக்கிற ரப்பர் பந்தை அமுக்குவாள். ஸ்விட்ச் போர்டு என் பக்கம். நான் வெளியில் நின்று லைட்டைப் போட்டு அணைப்பதோடு சரி.

கிரவுண்ட் கிளாஸில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும். முதல் நாள் பார்த்துவிட்டு வந்து பாத்துமுத்து சொன்னாள்: "உங்க மிசினுக்குள்ள எல்லாரும் வவ்வா மாதிரில்லா தொங்குதாவ!" அவள் வாய் அப்படி. ஆனால் கை சுத்தம். அவள் பிடித்த பாஸ்போர்ட்டுப் படம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பாஸ்போர்ட்டுக்கு எதிரிலிருந்து தட்டையாக அடிக்கிற வெளிச்சம் போதும். கோட்டில் வைத்தால் யார் வைத்தாலும் ஒன்றுதான். அதனால் அவளுக்கு லைட் வைக்கத் தெரியாதது ஒரு குறையாகவே இல்லை, அந்த முதுகு வருகிற வரைக்கும்.

2. முதுகு

ஒருநாள் காலையில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்தார். பின்னால் இரண்டு பெண்கள். இருபது வயசு இருக்கும் ஒருத்திக்கு, பெயர் சண்முகத்தாய். இன்னொருத்தி அவள் ஆத்தா மாடத்தி. இடைசெவலுக்குப் பக்கத்து ஊர்.

"பாய், ஒரு படம் எடுக்கணும். மூஞ்சி வேண்டாம். முதுகு மட்டும்" என்றார் குமாஸ்தா.

சண்முகத்தாய் ஒரு தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) குச்சியைப் பெட்டியில் அடைக்கிற வேலை பார்த்தவள். பின்னால் குவித்திருந்த குச்சியில் உரசல் பட்டுத் தீப்பிடித்து முதுகும் வலது விலாவும் வெந்துபோயிற்று. பிழைத்துக்கொண்டாள். ஆனால் புண் ஆறும்போது கக்கத்துத் தோல் விலாவோடு சேர்ந்து இழுத்துக்கொண்டது. வலது கை தோள் வரைக்கும்கூட உயராது. பெட்டி அடைக்க இரண்டு கையும் வேகமாக ஓட வேண்டும். ஒரு கையை வைத்துக்கொண்டு அந்த ஊரில் ஒரு பெண் செய்யக்கூடிய கூலிவேலை எதுவும் கிடையாது, பருத்தி எடுக்கக்கூட முடியாது. ஆபீஸ்காரர்களோ, அவர்கள் வைத்த டாக்டரின் பேச்சை வைத்துக்கொண்டு, "புண் ஆறிப்போச்சு, கை நல்லாத்தான் இருக்கு, நடிக்கா" என்று சொல்லிவிட்டார்கள். அந்த டாக்டர் ரவிக்கைக்கு மேலேயே பார்த்தவர். நஷ்ட ஈட்டு விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார். அங்கே இருக்கப்போவது எல்லாம் ஆண்கள். அவர்கள் முன்னால் ரவிக்கையைக் கழற்ற மாட்டேன் என்று பெண் ஒரே பிடியாக நின்றாள். அதற்குத்தான் படம்.

"நானும் ஆம்பளைதானே அண்ணாச்சி?" என்றேன்.

"ஒங்ககிட்டதான் திரை இருக்குன்னு ஊரே சொல்லுதே."

எனக்கு ஒரு சந்தேகம். அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "தாயி, திரைக்கு வெளியே நான் நின்னாலும், நெகட்டிவைக் கழுவப்போறது நான்தான். படத்தை நான் பாப்பேன். அந்த அதிகாரி பாப்பாரு. அதுக்குச் சம்மதமா?"

அதுவரைக்கும் தலையைக் குனிந்து நின்றவள் நிமிர்ந்தாள். "படத்துக்கு என்ன கூச்சம் பாய்? நான் அங்கன இருக்க மாட்டேம்லா" என்றாள். மறுநாள் மத்தியானம் வரச் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அந்த ஆபீஸ் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார். ஊர் அவ்வளவு சின்னது. அவர் முதலாளி வீட்டுப் படமெல்லாம் என்னிடம்தான் எடுப்பது. அந்த வீட்டில் அப்போது ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கணக்கப்பிள்ளை உட்காரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முதலாளி குடும்பப் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பாய், கேமரா ரிப்பேர்னு சொல்லிருங்க. ஒரு வாரத்துக்குத்தான். வெசாரணை முடிஞ்சிரும்."

"சரியா இருக்கிற கேமராவை எப்படி ரிப்பேர்னு சொல்லுதது?"

"சொல்லலேன்னா ரிப்பேராயிரும்லா" என்று சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்குப் போய் பாத்துமுத்துவிடம் சொன்னேன். கல்யாண ஆர்டர் போய்விடும், முதலாளிக்கு வேண்டிய வீடெல்லாம் போய்விடும், கடைக்கே ஏதாவது செய்தாலும் செய்வார்கள் என்று அடுக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க போயி படம் பிடிக்கலேன்னா அந்த மாப்பிள்ளை தாலி கட்ட மாட்டாராமா?" என்றாள். பிறகு, "நான் உள்ள நிக்கேன். நீங்க லைட்டை மட்டும் பாருங்க" என்றாள்.

3. தலையணை

சிக்கல் லைட்டில்தான். ஆறிப்போன தழும்புக்கு எதிரிலிருந்து வெளிச்சம் அடித்தால் மேடும் பள்ளமும் தெரியாது, எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். அம்மைத் தழும்பு விழுந்த பெண்களைக் கல்யாணப் படத்தில் அழகாகக் காட்ட நாங்கள் இத்தனை காலமாகச் செய்துவந்த வித்தையே அதுதான். தட்டையாக வெளிச்சத்தைப் போட்டு, மிச்சம் மீதியை நெகட்டிவில் பென்சிலால் ரீடச் பண்ணி அழித்துவிடுவோம். இப்போது அதே வித்தையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

பசுவந்தனை ரோட்டில் சைக்கிளில் போய்வந்தவர்களுக்குத் தெரியும். கோடையில் உச்சி வெயிலில் கரிசல் காடு கறுப்புப் பாய் விரித்த மாதிரி ஒரே சீராகக் கிடக்கும். அதே காட்டைப் பொழுது சாயும்போது பார்த்தால், வெயில் தரையோடு தரையாக வருகிறபோது, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகத் தெரியும். மண் அதே மண்தான், வெளிச்சம் வருகிற பக்கம்தான் வேறு. ஆகவே ஒரே லைட், முதுகுக்குப் பக்கவாட்டில், தோலை உரசிக்கொண்டு போகிற மாதிரி வைக்க வேண்டும். நிழலைக் கரைக்கிற இரண்டாவது லைட் கூடாது. நிழல்தான் இங்கே சாட்சி.

ஆனால் இந்த மாதிரி லைட்டைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க முடியும். அரை விரற்கடை திரும்பினால் மேடு தெரியாமல் போகும். நானோ பார்க்கக் கூடாது. அதனால் மறுநாள் காலையில் ஸ்டூலின் மேல் ஒரு தலையணையை நிறுத்திவைத்தேன். அதன் மேல் தேங்காய் நாரில் திரித்த கொச்சக்கயிற்றைக் கோணல்மாணலாக ஒட்டி, ஈரவேட்டியை இறுக்கிச் சுற்றினேன். அதுதான் சண்முகத்தாயின் முதுகு. லைட்டை ஏற்றி இறக்கி, தள்ளி இழுத்து, ஒவ்வொரு கயிறும் தன் நிழலோடு எழுந்து நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்துக் கோடு போட்டேன். லைட் ரொம்பக் கிட்டே வந்துவிட்டது, மூன்றடிதான் இருக்கும்.

ஃபிலிமுக்கு ஆர்த்தோ எடுத்தேன். ஆர்த்தோவுக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, சிவந்த இடமெல்லாம் படத்தில் கறுப்பாக விழும். முகத்துக்கு அது ஆகாது, தழும்புக்கு நல்லது. ஆனால் பல்பு வெளிச்சத்தில் ஆர்த்தோ மந்தம். மூன்று செகண்டாவது எக்ஸ்போஷர் வேண்டும். மூன்று செகண்டும் கையைத் தூக்கியபடி அசையாமல் இருக்க வேண்டும். இதையெல்லாம் பாத்துமுத்துவிடம் விளக்கிச் சொன்னேன். சிவப்பு கறுப்பாக விழும் என்பதை மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

4. சூடு

மத்தியானம் வந்தார்கள். மாடத்தி கடை வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். நான் கதவைப் பாதி சாத்தினேன். சண்முகத்தாய் திரைக்குள் போனாள். சேலை சரசரக்கிற சத்தம் கேட்டது, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கேமராவுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள் என்று பாத்துமுத்து சொன்னாள். ஸ்விட்சைப் போட்டேன்.

"அய்யோ!" என்று ஒரு சத்தம். ஸ்டூல் உருண்டது. யாரோ ஓடிச் சுவரில் மோதுகிற சத்தம்.

"வெளக்க அணைங்க! அணைங்கன்னேன்!" என்றாள் பாத்துமுத்து.

அணைத்தேன். ஐந்நூறு வாட் பல்பின் சூடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைமார் நெற்றியில் வழிகிற வேர்வையைத் துடைத்துத் துடைத்து எடுப்பவன்தானே. ஆனால் இந்தப் பெண்ணுக்கு முதுகில் சூடு என்றால் என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. தலையணைக்குச் சுடாது, அதனால் எனக்கும் தோன்றவில்லை. தீப்பட்ட நாளிலிருந்து அவள் அடுப்படிப் பக்கமே போனதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே அவளுடைய பல் தந்தியடிப்பது எனக்கு வெளியே கேட்டது.

என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். பிறகு திரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "தாயி, ரெண்டு வழி இருக்கு. லைட்டு இப்ப இருக்கிற இடத்துல இருந்தா சுடும், மூணு செகண்டுல முடிஞ்சிரும். ஆறடிக்குத் தள்ளி வச்சா அவ்வளவு சுடாது, ஆனா பன்னெண்டு செகண்டு கையைத் தூக்கி வச்சிருக்கணும். தூரம் ரெண்டு மடங்கானா நேரம் நாலு மடங்கு, எங்க தொழில் கணக்கு அது. கை ஆடிச்சுன்னா படம் கலங்கிரும்."

உருண்ட ஸ்டூலை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"கிட்டயே இருக்கட்டும்" என்றாள் சண்முகத்தாய். "கையைத்தான் தூக்கி வச்சிருக்க முடியாது. சூட்டைப் பொறுத்துக்கிடுதேன்."

மறுபடி லைட்டைப் போட்டேன். இந்தத் தடவை சத்தம் வரவில்லை.

"பாத்துமுத்து, நிழல் எங்கன விழுது?"

"நிழலும் இல்ல ஒண்ணும் இல்ல. சப்பையா இருக்கு."

தலையணையின் உயரம் வேறு, அவள் உயரம் வேறு. "ஸ்டாண்டு திருகைத் தளர்த்தி ஒரு சாண் எறக்கு. தகரம் சுடும், தலைப்பைச் சுத்திப் பிடி. பல்பு மூஞ்சியை உன் பக்கமா கொஞ்சம் திருப்பு."

"இப்பவும் சப்பைதான்."

"இன்னும் திருப்பு."

"இப்ப..." என்றவள் நிறுத்திவிட்டாள். "யா அல்லா."

"என்ன தெரியுது?"

"எல்லாந் தெரியுது."

அவள் குரல் மாறிப்போயிருந்தது. எனக்கோ லைட் சரியான இடத்துக்கு வந்துவிட்டதே என்ற சந்தோஷம். "கக்கத்துக்குக் கீழ தோலு இழுத்துக்கிட்டு இருக்குல்லா, அதுதான் கேஸே. அது வெறச்சு நின்னாத்தான் நிழல் விழும். கையைத் தூக்கச் சொல்லு."

"தூக்கியிருக்கா."

"பத்தாது. இன்னும் தூக்கச் சொல்லு."

"ஏங்க..."

"இன்னும் கொஞ்சம்! நிழல் விழ வேண்டாமா?"

அந்த நேரம் பார்த்து முன்கதவு திறந்தது. கணக்கப்பிள்ளையின் குரல். "ஏய், மாடத்தி இங்கன என்ன செய்யுதா?"

"நான் வாரதுக்குள்ள எதையும் தொடாதே" என்று உள்ளே சொல்லிவிட்டு ஓடினேன். அவர் கவுண்டரைத் தாண்டி உள்ளே கால் வைத்துவிட்டார். திரையின் அடியில் வெளிச்சம் கோடாக ஒழுகிக்கொண்டிருந்தது. தகரம் காய்கிற வாடை வேறு. நான் திரைக்கு முன்னால் கையை விரித்து நின்றேன்.

"உள்ள பொம்பளையாளு இருக்காவ. கோஷா."

"எந்தப் பொம்பளையாளு?"

"எங்க வீட்டுப் பொம்பளையாளு."

அது பொய் இல்லை. அவர் திரையையே பார்த்தார். அதை அவர் விலக்கியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என்னை மாதிரி இரண்டு ஆள் இருப்பார். ஆனால் கோஷாத் திரையைத் தொட்டால் தெருவே திரண்டு வந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும். உள்ளே யாரோ ஏதோ குசுகுசுவென்று சொன்னார்கள். பாத்துமுத்து ஏதோ பதில் சொன்னாள். பிறகு ஷட்டர் திறக்கிற சத்தம்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு." மூடுகிற சத்தம்.

"எடுத்தாச்சோ?" என்றார் கணக்கப்பிள்ளை.

"எடுத்தாச்சு" என்றேன்.

"முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரையிலேர்ந்து ஆளு வரட்டும் பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இருந்த கோபத்தை யார் மேல் காட்டுவது? லைட்டை அணைத்துவிட்டு பாத்துமுத்துவைத்தான் பிடித்தேன். அவள் திரையை விலக்குவதற்குள் சண்முகத்தாய் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வாரதுக்கு முந்தி எதுக்கு அமுக்கின? கையைப் போதுமான அளவு தூக்கினாளா? இன்னொரு ஸ்லைடு இருக்கு, எடுத்துப் பாப்போம்."

"போதும்."

"ஏட்டி, படம் சரியா வரலேன்னா..."

"போதும்னு சொன்னேம்லா!" என்று ஒரு கத்து கத்தினாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்நிய மனுஷர் முன்னால் அவள் என்னிடம் அப்படிக் கத்தியதில்லை. அவர்கள் போன பிறகும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

படம் வந்திருந்தது. டார்க் ரூமின் சிவப்பு விளக்கில் நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தேன். விலாவிலிருந்து கக்கம் வரைக்கும் தோல் ஒரு கூடாரத் துணியை இழுத்துக் கட்டிய மாதிரி விறைத்து நின்றது. அதற்குக் கீழே, நெகட்டிவ் என்பதால் வெள்ளையாக, அதன் நிழல். தோளுக்கு ஒரு சாண் கீழேயே கை நின்றுபோயிருந்தது. பென்சிலை நான் தொடவே இல்லை. ஒரே ஒரு பிரிண்ட் போட்டு, நெகட்டிவையும் சேர்த்து உறையில் வைத்து ஒட்டினேன்.

5. விசாரணை

விசாரணை ஊருக்கு வெளியே பயணியர் விடுதியில் நடந்தது. அதிகாரி ஒரு மேஜை, ஆபீஸ் பக்கத்து வக்கீல் ஒரு மேஜை. எங்கள் குமாஸ்தாவும் அவர் வக்கீலும் இன்னொரு பக்கம். கணக்கப்பிள்ளை சன்னலோரம். சண்முகத்தாய் மூலையில் நின்றாள். என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆபீஸ் பக்கத்து வக்கீல் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "லைட்டைப் பக்கத்துல சாய்ச்சு வச்சா சின்ன மேடு பெரிய மேடாத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பென்சில் வச்சு இல்லாததை வரையலாமா, கூடாதா?"

"வரையலாம். வரைஞ்சிருந்தா நெகட்டிவ்ல பென்சில் பளபளக்கும். பாத்துக்கிடுங்க."

அதிகாரி நெகட்டிவை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். எனக்குத் தைரியம் வந்தது. அதற்குள் வக்கீல் அடுத்ததைக் கேட்டார்.

"இந்த முதுகை நீங்க நேர்ல பாத்தீங்களா?"

"இல்ல."

"பாக்காமலா படம் எடுத்தீங்க?"

"லைட்டு வச்சேன். எடுத்தது..."

"பாத்தீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"பாக்கல."

"அப்போ நெஜத்துல இருக்கிறதுதான் படத்துல இருக்கா, இல்ல உங்க லைட்டு பெருசு பண்ணிக் காட்டுதான்னு உங்களுக்கே தெரியாது. அப்படித்தானே?"

நான் என்ன சொல்வது? தெரியாதுதான். அவர் அதிகாரி பக்கம் திரும்பினார். "இந்தப் படத்தைத் தள்ளிருங்க சார். இல்லேன்னா அந்தப் பொண்ணே காட்டட்டும்."

அதிகாரி தர்மசங்கடமாகத் தொண்டையைச் செருமினார். மூலையில் சண்முகத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய இடதுகை தோளில் இருந்த சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் முன்னால் அவள் அதை இறக்கிவிடுவாளோ என்று எனக்குப் பதறிவிட்டது. அவளுக்கு நடந்ததெல்லாம் நடந்து, கடைசியில் நான் கட்டின திரையாலேயே தோற்கப்போகிறாள்.

"பாத்த ஆளு ஒண்ணு இருக்கு சார். என் சம்சாரம்" என்று சொல்லிவிட்டேன்.

"கூட்டிட்டு வர முடியுமா?" என்றார் அதிகாரி.

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அப்படி ஒரு இடத்துக்குப் போனதில்லை. சைக்கிளை மிதிக்கும்போதே யார் யார் என்ன பேசுவார்கள் என்று எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டில் பாத்துமுத்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "வரணும்னு கட்டாயம் இல்ல. ஜமாஅத்துல கேப்பாங்க" என்றும் சொன்னேன்.

"அந்தப் புள்ள அங்கன நிக்காளா?"

"நிக்கா."

கையைக் கழுவினாள். வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். குதிரைவண்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

அத்தனை ஆண்களைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு சண்முகத்தாய் இருந்த மூலைக்குப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள். துப்பட்டிக்குள்ளிருந்துதான் பதில் சொன்னாள்.

"உங்களுக்கு லைட்டு வைக்கத் தெரியுமாம்மா?" என்றார் வக்கீல்.

"தெரியாது. லைட்டு வச்சது அவிய. பாத்தது நான்."

"படத்துல இருக்கிற மாதிரியேதான் நேர்லயும் இருந்துச்சா?"

"இல்ல."

எங்கள் குமாஸ்தா தலையில் கை வைத்துக்கொண்டார். கணக்கப்பிள்ளை முகம் மலர்ந்தது. நான் செத்தேன்.

"எப்படி இருந்துச்சு?"

"படத்துல இருக்கிறதைவிட மோசமா இருந்துச்சு. அவிய வெளிய நின்னுக்கிட்டு இன்னும் தூக்கு, இன்னும் தூக்குன்னாவ. இந்தப் புள்ளையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்கிச்சு. கக்கத்துல தோலு கிழிஞ்சு ரத்தம் எறங்கிச்சு. செவப்பு படத்துல கறுப்பா விழும்னு அவிய சொல்லியிருந்தாவ. ரத்தமும் கறுப்பா விழுந்து தழும்பை மறைச்சிரும்னு என் சேலைத் தலைப்பால தொடச்சிட்டு எடுத்தேன். படத்துல ரத்தம் இல்ல. அதான் மோசம்னேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி படத்தை எடுத்து, கை நின்றுபோன இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். அவர் என்ன எழுதினார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. நான் "இன்னும் தூக்கு" என்று கத்தினது மட்டும்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நல்ல லைட் கிடைத்த சந்தோஷத்தில் கத்தியது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

கை முடங்கியது நிஜம் என்று சண்முகத்தாய் பக்கமே தீர்ப்பானது. நெகட்டிவை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரை ஆள்தான் வந்தான். ஜமாஅத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், நடந்ததைச் சொன்னேன், விட்டுவிட்டார்கள்.

அன்று குதிரைவண்டியில் திரும்பி வரும்போது பாத்துமுத்துவிடம் கேட்டேன். "ரத்தம் வந்ததும் என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லா? ஏன் சொல்லல?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"நான் கூப்பிடத்தான் போனேன். அந்தப் புள்ளதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. 'அக்கா, அவியகிட்ட சொல்லாதீங்க, அவிய நல்லவிய, வெளக்க அணைச்சிருவாவ. இன்னொரு தடவ என்னால தூக்க முடியாது. நீங்க பந்தை அமுக்குங்க'ன்னா."

அதன் பிறகு நான் பல காலம் ஸ்டூடியோ நடத்தினேன். லைட் முன்னால் உட்காருகிற யாரிடமும் "இது தாங்குமா?" என்று கேட்காமல் ஸ்விட்சைத் தொட்டதில்லை. கேட்டால் எல்லோரும் தாங்கும் என்றுதான் சொல்வார்கள். அதனால் அன்றிலிருந்து ஆணோ பெண்ணோ யார் வந்தாலும், நான் லைட் வைக்கும்போது பாத்துமுத்து கேமராவுக்குப் பக்கத்தில் நின்று உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் "போதும்" என்றால் நான் அணைத்துவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன்.